சாக்ரடீஸ் வழக்குப் பெட்டி: வாடகைக்கு எடுக்கும்முன் சரிபார்க்க வேண்டியவை

சேலத்தில் ஒரு புத்தகக் கடை பள்ளிகளுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் ‘சாக்ரடீஸ் வழக்குப் பெட்டி’ என்று ஒன்றை வாடகைக்குத் தருகிறது. இரண்டு நாளைக்கு 600 ரூபாய், முன்பணம் 1,500. கி.மு. 399-இல் ஏதென்ஸில் தத்துவஞானி சாக்ரடீஸ் மேல் நடந்து, நஞ்சு குடித்துச் சாகும் தண்டனையில் முடிந்த விசாரணையை 51 பேர் கூடி நடத்திப் பார்க்கத் தேவையான சாமான்கள் ஒரே தகரப் பெட்டியில் இருக்கின்றன: பேச்சு நேரத்தை அளக்க மண்ணால் செய்த நீர்க்கடிகாரம் இரண்டு, பித்தளை வாக்கு வட்டுகள், வாக்குப் போட இரண்டு குடங்கள், ஒரு கறுப்புக் கிண்ணம், 40 பக்க வசனப் புத்தகம். சாமான்கள் அருமை. கோளாறு பெரும்பாலும் புத்தகத்தில்தான்.

நீர்க்கடிகாரம், ஏதென்ஸின் சந்தைச் சதுக்கமான அகோராவில் தோண்டி எடுத்த பானையைப் பார்த்துச் செய்தது. அசலில் 6.4 லிட்டர் பிடிக்கும். அடியில் இருக்கும் வெண்கலக் குழாய் வழியாக அது வடிய ஏறக்குறைய 6 நிமிடம். விளிம்புக்குக் கீழே ஒரு துளை உண்டு. அதற்கு மேல் ஊற்றினால் வழிந்துவிடும் என்பதால் இரு தரப்புக்கும் ஒரே அளவு தண்ணீர்தான். பெட்டியில் வரும் பானையிலும் அந்தத் துளை சரியான இடத்தில் இருக்கிறது. வனைந்த குயவர் விஷயம் புரிந்து செய்திருக்கிறார். குழாயின் உள்விட்டம் 5 மி.மீ., முழுதும் வடிய ஆறரை நிமிடம் ஆகிறது. அந்த அரை நிமிடம் பெரிதல்ல. இரண்டு பானையும் ஒன்றுபோல் வடிகிறதா என்று பாருங்கள், அதுதான் முக்கியம். போர் தண்ணீர் ஊற்றி வந்த பானையில் குழாயில் உப்புப் படிந்து வேகம் குறையும். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து ஈர்க்குச்சி விட்டுச் சுத்தம் செய்தால் போதும்; கம்பி விட்டுக் குடைந்தால் துளை அகன்றுவிடும். முந்தின இரவே பானையில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காய்ந்த மண் முதல் தடவை தண்ணீரைக் குடித்துவிடும்.

பானையின் உட்சுவரில் நிமிடத்துக்கு ஒன்றாகச் சம இடைவெளியில் கோடு போட்டிருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். நீர்மட்டம் உயரமாக இருக்கும்போது தண்ணீர் வேகமாகப் பாயும், மட்டம் தாழத் தாழ வேகம் குறையும். நேரான சுவருள்ள பானையில் பாதித் தண்ணீர் மொத்த நேரத்தின் 29 சதவீதத்துக்குள்ளேயே போய்விடும். 6 நிமிடப் பானையென்றால் ஒன்றே முக்கால் நிமிடத்தில். கோட்டைப் பார்த்துப் பேசுகிறவர் பாதி நேரம் போய்விட்டது என்று பதறிவிடுவார். குழாயிலிருந்து பாயும் தண்ணீரைப் பார்த்துப் பேசுவதே சரி. முதலில் வில்லாக வளைந்து தள்ளி விழும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பானையின் காலடிக்கு நெருங்கி வரும். அது சொட்டாக மாறும்போது பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

சாக்ரடீஸுக்கு இந்த ஒரு பானை நேரம்தான் கிடைத்தது என்று புத்தகம் சொல்வது தவறு. இந்த அளவுப் பானை சின்ன வழக்குகளுக்கானது. அவர் மேல் வந்தது தெய்வ நிந்தனை வழக்கு, பொது வழக்கு. அதற்கு ஒரு முழுப் பகல் ஒதுக்கினார்கள். அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய சாக்ரடீஸின் வாதத்தை 6 நிமிடத்தில் யாராலும் வாசித்து முடிக்க முடியாது. ஒரு தரப்புக்குக் குறைந்தது மூன்று பானையாவது கொடுங்கள்.

வாக்கு வட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் மனசு நிறைகிறது. வட்டின் நடுவே ஒரு குட்டி அச்சு. அச்சில் துளை இருந்தால் வழக்குத் தொடுத்தவர் பக்கம், கெட்டியாக இருந்தால் எதிர்த்தரப்பு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அச்சின் இரு முனையையும் பொத்திக்கொள்வதால் பக்கத்தில் நிற்பவருக்கு எது என்று தெரியாது. ஆளுக்கு இரண்டு வட்டு. எண்ண வேண்டியது வெண்கலக் குடத்துக்குள், மற்றது மரக் குடத்துக்குள். 51 பேருக்கு 102 வட்டு வேண்டும், பெட்டியில் 96 தான் இருக்கின்றன. குறைகிற ஆறையும் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் பித்தளை வாஷரில் குழாயும் கம்பியும் பற்றவைத்துச் செய்துகொள்ளலாம். ஒரு திருத்தம்: இந்த முறையை விவரிக்கும் ‘ஏதென்ஸ் அரசியலமைப்பு’ என்ற நூல் வழக்குக்கு ஏறக்குறைய 70 ஆண்டுகள் பிந்தியது. 399-இல் இதே வட்டுகள்தான் என்று அடித்துச் சொல்லும் வரியைப் புத்தகத்தில் நீக்கிவிடுங்கள்.

இனி புத்தகம். சுத்தியலோடு ஒரு நீதிபதி வருகிறார். ஏதென்ஸில் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி கிடையாது, அரசு வக்கீலும் கிடையாது. மெலிட்டஸ் என்ற குடிமகன் வழக்குத் தொடுத்தார். அனிட்டஸும் லைக்கனும் கூட நின்றார்கள். முப்பது வயது கடந்த, நாளுக்கு 3 ஓபல் (சிறு வெள்ளிக் காசு) கூலி வாங்கும் சாதாரண மனிதர்கள், பொதுவாகச் சொல்லப்படும் கணக்கில் 501 பேர், தங்களுக்குள் கலந்து பேசாமல் வாக்குப் போட்டார்கள். சுத்தியலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய பிழை, ஒரே வாக்கெடுப்போடு மரண தண்டனை வந்துவிடுவது. வாக்கெடுப்பு இரண்டு. முதலாவது, குற்றவாளியா இல்லையா. 30 வாக்கு மாறியிருந்தால் விடுதலையாகியிருப்பேன் என்று சாக்ரடீஸே சொல்கிறார். 501 பேர் என்றால் 280-க்கு 221. நம் 51 பேரில் அது 28-க்கு 23, மூன்று பேர் மாறினால் விடுதலை. இரண்டாவது, என்ன தண்டனை. வாதி மரணம் கேட்கிறார், குற்றவாளி மாற்றுத் தண்டனை சொல்ல வேண்டும், சபை இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். சாக்ரடீஸ் முதலில் கேட்டது ஒலிம்பிக் வீரர்களுக்குத் தரும் பொதுச்செலவுச் சாப்பாடு. பிறகு ஒரு மினா (100 திராக்மா; ஒரு திராக்மா 6 ஓபல்) அபராதம். பிறகு பிளேட்டோ, நண்பர் கிரிட்டோ முதலான நால்வர் பிணை நிற்க, 30 மினா. அது 3,000 திராக்மா, அதாவது வாக்குப் போட்டவர் ஒருவரின் 6,000 நாள் கூலி. பின்னாளில் எழுதிய டயோஜீனஸ் லேயர்ஷியஸ், மரணத்துக்கு இன்னும் 80 வாக்கு கூடின என்கிறார். விடுவிக்க நினைத்தவர்களே சாவுக்கு வாக்குப் போட்டார்கள் என்றால் அந்த இடைவெளியில் என்ன நடந்தது? விவாதிக்க வேண்டிய இடமே இதுதான். இதை விட்டுவிட்டால் பெட்டியை எடுத்துப் பயனில்லை.

குற்றச்சாட்டைப் புத்தகம் ‘நாத்திகம்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944 மாநாடு நடந்த ஊர் இது. அந்தச் சொல்லைக் கேட்டதும் கேட்பவர்கள் வேறு விவாதத்துக்குப் போய்விடுவார்கள். மனுவில் இருந்தது, நகரம் ஏற்ற தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வீக சக்திகளைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பது. குறுக்கு விசாரணையில் மெலிட்டஸ் ‘இவருக்கு எந்தத் தெய்வத்திலும் நம்பிக்கை இல்லை’ என்று வாய்விட, ‘புதிய தெய்வீக சக்திகளைக் கொண்டுவருகிறேன் என்றும் நீர்தானே எழுதினீர்’ என்ற தொனியில் சாக்ரடீஸ் மடக்குகிறார். முதலிலேயே நாத்திகம் என்று எழுதிவிட்டால் அந்த மடக்கு இல்லாமல் போகும்.

இரண்டு நாள் முகாமாக ஏற்காட்டில் நடத்துவது பொருத்தம். டெலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை யாரையும் கொல்லக்கூடாது என்ற விதியால் சாக்ரடீஸ் 30 நாள் சிறையில் காத்திருந்தார். சனிக்கிழமை வழக்கு, ஞாயிறு மாலை சிறை என்று வைத்தால் அந்த இடைவெளி தானாக வந்துவிடும். 20 கொண்டை ஊசி வளைவில் பானை தப்பிக்க, இரண்டுக்கும் இடையே வைக்கோல் திணியுங்கள்.

கடைசிக் காட்சியில் சாக்ரடீஸ் வாந்தி எடுத்துத் துடிக்க வேண்டும் என்கிறது புத்தகம். பிளேட்டோ அப்படி எழுதவில்லை. குடித்துவிட்டு நடக்கிறார், கால் கனத்ததும் படுக்கிறார். நஞ்சு கொடுத்தவன் பாதத்தை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்கிறான், இல்லை என்கிறார். மரமரப்பு மேலே ஏறுகிறது, புத்தி கடைசிவரை தெளிவு. கிண்ணத்தில் இருந்த நஞ்சு ஹெம்லாக் என்ற செடியின் சாறு. அதில் உள்ள கோனீன் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவைத் தடுக்கிறது, முடிவில் மூச்சுத் தசை நிற்கிறது. கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பம்தான் இந்தச் செடி. அலங்காரத்துக்கென்று மலைப்பாதையில் தெரியாத இலை எதையும் பறித்துக் கிண்ணத்தில் போடாதீர்கள். கருப்பட்டித் தண்ணீர் 50 மி.லி. போதும். நஞ்சில் தெய்வத்துக்குக் கொஞ்சம் ஊற்றலாமா என்று சாக்ரடீஸ் கேட்க, தேவையான அளவுதான் அரைத்தோம் என்று பதில் வரும். கிண்ணம் நிரம்பியிருந்தால் அந்த வசனம் பொய்யாகிவிடும்.

கடைசி வார்த்தையை ‘அஸ்கிளிப்பியஸுக்கு ஒரு சேவல் கடன் பட்டிருக்கிறோம்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் வாங்கிய கடன் போல இருக்கிறது. அஸ்கிளிப்பியஸ் நோய் தீர்க்கும் தெய்வம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நடக்கும் ஊரில் ‘நேர்த்திக்கடன்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்: ‘கிரிட்டோ, அஸ்கிளிப்பியஸுக்கு ஒரு சேவல் நேர்த்திக்கடன் இருக்கிறது. மறக்காமல் செலுத்திவிடுங்கள்.’ அதற்குப் பிறகு, ‘செய்துவிடுகிறோம், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?’ என்று கிரிட்டோ கேட்கிறார். பதில் வரவில்லை. இந்தக் கேள்வி புத்தகத்தில் அச்சாகவில்லை. 38-ஆம் பக்கத்தின் அடியில் இடம் இருக்கிறது, பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.