அஞ்சு வருஷ வெப்சைட்டும் அந்தப் பச்சைக் கட்டமும்

போன வாரம் ஒரே நாள்ல ரெண்டு விஷயம். காலைல ஹோஸ்டிங், அதாவது வெப்சைட் இருக்கிற எடத்துக்கான வாடகை, ரெனியூவலுக்கு மெயில் வந்துச்சு, சாயந்திரம் உடுமலைல இருந்து மாப்ள ஃபோன் போட்டான். சிறுதானிய முறுக்கு, தட்டுவடை எல்லாம் போட்டு ஒரு கடை ஆரம்பிக்கிறான், "வெப்சைட் ஒண்ணு போட்டுரலாமாடா, இல்ல இன்ஸ்டாவே போதுமா"ன்னு கேட்டான். ரெனியூவல் மெயிலைப் பாத்த சூட்டுல நான் சொன்ன பதில் அவ்வளவு நல்ல பதில் இல்ல, அதான் இப்போ நிதானமா உக்காந்து எழுதுறேன். எவ்வளவு நிதானம்னு போகப் போகத் தெரியும்.

எங்களுது காங்கயம் பக்கம் மரச்செக்கு. தாத்தா காலத்துல மாடு சுத்துச்சு, இப்போ மோட்டார் சுத்துது, உரலும் உலக்கையும் வாகை மரந்தான். 2021 ஜனவரில சைட் போட்டேன். டொமைன்ங்கிற சைட் பேரு, ஹோஸ்டிங், சைட் கட்டற வேர்ட்பிரஸ், ஃப்ரீ தீம், இதெல்லாம் எப்படிப் போடுறதுன்னு ஆயிரம் வீடியோ கிடக்கு, அதுக்குள்ள நான் போகல. ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், டொமைன் வாங்கினதும் ஃபோனை சைலண்ட்ல போட்டுருங்க. நான் டாட் இன் வாங்கி ராத்திரி படுத்தேன், மறுநாள் காலைல டீ குடிக்கிறதுக்குள்ள ஆறு கால், "சார் புது டொமைன் எடுத்திருக்கீங்க போல, டிசைன் பண்ணித் தரட்டுமா"ன்னு. அன்னைக்கு மட்டும் பதினாலு எண்ணினேன். அதுல ஒருத்தர் எஸ்எஸ்எல்ங்கிற பாதுகாப்புச் சான்றிதழ 2,500 ரூவாய்க்கு விக்கப் பாத்தாரு, பூட்டுப் படம் வரலைன்னா குரோம்ல "பாதுகாப்பு இல்ல"ன்னு வரும் சார்னு பயமுறுத்தினாரு. வரும், அது நெஜந்தான், 2018 ஜூலைல இருந்தே அப்படித்தான் காட்டுது. ஆனா லெட்ஸ் என்கிரிப்ட்னு ஒண்ணு சும்மாவே கிடைக்குது, காலாவதி ஆகறதுக்குள்ள அதுவே புதுப்பிச்சுக்கும், பெரும்பாலான ஹோஸ்டிங்ல ஒரு பட்டனைத் தட்டினா போதும். இதுக்கு யாருக்கும் காசு குடுக்காதீங்க.

கார்ட், பேமெண்ட் கேட்வே எல்லாம் ஒரு வருஷம் வச்சிருந்தேன். கேட்வேக்காரங்களுக்கு ரெண்டு பெர்சன்ட், அந்தக் கமிஷன் மேல 18 பெர்சன்ட் ஜிஎஸ்டி, அதுகூடப் பரவால்ல. எண்ணெய கூரியர்ல அனுப்பறதுதான் தலவலி, மூடி லூஸாகி ஒரு பார்சல் ஒழுகினா பக்கத்துல இருக்கிற நாலு பார்சலும் சேந்து நாறும். 2022ல கார்ட்டத் தூக்கிட்டேன். இப்போ வெல, ஃபோட்டோ, வாட்ஸப் பட்டன், மொத்தமா வாங்கறவங்களுக்கு ஒரு என்கொயரி ஃபார்ம், அவ்வளவுதான்.

அந்த ஃபார்மப் பத்தித்தான் நான் பேச வந்ததே.

ஃபார்ம்ல பேரு, ஊரு, எத்தன டின்னுன்னு போட்டு அனுப்புனா கீழ ஒரு பச்சைக் கட்டம் வரும். "உங்கள் செய்தி அனுப்பப்பட்டது. நன்றி." நானே தமிழ்ல மாத்தி வச்ச வாசகம், அதனால என் வாயால நானே சொன்ன பொய் மாதிரி ஆயிப்போச்சு. மொத வருஷம் மாசத்துக்கு மூணோ நாலோ என்கொயரி வரும், வராட்டி யாரும் கேக்கலைன்னு நெனச்சுக்குவேன். ஒரு நாள் ஈரோட்டுல இருந்து ஒரு அக்கா கூப்பிட்டாங்க, வீட்டுலயே முறுக்கு, அதிரசம் போட்டுக் கடைகளுக்குக் குடுக்கறவங்க. "ஏனுங்க, செக்கு ஓடுதுங்களா இல்ல மூடிட்டீங்களா, நாலு தடவ எழுதிப் போட்டேன், ஒரு வார்த்த பதில் இல்லீங்களே"ன்னாங்க. பதினஞ்சு கிலோ டின்னு இருபது, கடலெண்ணெய், தீபாவளிக்கு. கூப்பிட்டப்போ தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம். வேற எடத்துல வாங்கிட்டாங்க, அடுத்த தடவைக்காவது எடுப்பீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க. அவங்க கூப்பிடாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

தோண்டிப் பாத்தா விஷயம் சின்னது. ஃபார்ம்ல அவங்க போட்ட ஜிமெயில் முகவரியவே அனுப்புனர்னு வச்சு என் சர்வர் மெயில் போட்டிருக்கு. எங்கயோ இருக்கிற ஒரு சர்வர் "நான் ஈரோட்டு அக்காவோட ஜிமெயில்"னு சொல்லிக்கிட்டுப் போய் ஜிமெயில் கதவையே தட்டினா அவன் உள்ள விடுவானா. அனுப்புனர்னு நம்ம டொமைன் முகவரியப் போட்டுட்டு, பதில் போற எடத்துல மட்டும் அவங்க முகவரியப் போடணும். அப்புறம் அந்தப் பச்சைக் கட்டம் எப்ப வருதுன்னு பாத்தேன். சர்வர் மெயில வாங்கிக்கிட்டா போதும், வந்துரும். மெயில் நமக்கு வந்துச்சா, ஸ்பேம்ல விழுந்துச்சா, வழியிலயே செத்துச்சான்னு அதுக்குத் தெரியவே தெரியாது. லாரி செட்டுல டின்ன எறக்கி வச்ச ஒடனே "சரக்கு சேந்துடுச்சு"ன்னு ரசீது போடுற மாதிரி.

சரி, ஒரு தடவ பட்டாச்சு, இனி வராதுன்னு இருந்தேன். வந்துச்சு.

2024 ஜனவரில மூணு வருஷ ஆஃபர் முடிஞ்சுது. மாசம் 149 ரூவான்னு சேத்தவங்க ரெனியூவலுக்கு 429 பிளஸ் ஜிஎஸ்டின்னு நீட்டினாங்க. கோவத்துல வேற ஹோஸ்டிங்குக்கு மாறினேன், சைட்ட ஒரு ராத்திரில நானே நகத்தினேன், பெருமையாக்கூட இருந்துச்சு. கரெக்டா அதே சமயம் பிப்ரவரில ஜிமெயில் சட்டத்த இறுக்குச்சு. யார் மெயில் அனுப்பினாலும், அது போலி இல்லைன்னு காட்ட எஸ்பிஎஃப்ங்கிற சீட்டு, டிகேஐஎம்ங்கிற டிஜிட்டல் கையெழுத்து, இந்த ரெண்டுல ஒண்ணாவது இருக்கணும், ஒரு நாளைக்கு 5,000க்கு மேல அனுப்பறவங்கன்னா ரெண்டும் இருக்கணும், அதுக்கு மேல, இந்தச் சோதனைல தேறாத மெயில என்ன பண்றதுன்னு சொல்ற டிமார்க்கும் வேணும். நாம அனுப்பறது வாரத்துக்கு ஒண்ணு, நமக்கென்னன்னு விட்டுட்டேன்.

எஸ்பிஎஃப்ங்கறது ஒரு சீட்டுங்க. எங்க பேரு போட்ட டின்ன இன்னின்ன வண்டிதான் கொண்டு வரும், வேற வண்டில வந்தா எறக்காதீங்கன்னு வாட்ச்மேன் கிட்ட எழுதிக் குடுக்கற சீட்டு. புது ஹோஸ்டிங்காரங்க அவங்க சீட்டக் குடுத்தாங்க, நானும் டொமைனோட விவரமெல்லாம் இருக்கிற டிஎன்எஸ்ல சேத்தேன். பழைய சீட்ட எடுக்கல. ரெண்டு இருந்தா ரெண்டுல ஒண்ணு சரியா இருக்குமில்லன்னு நெனச்சேன். அங்கதான் மாட்டினேன். ஒரு டொமைனுக்கு ரெண்டு எஸ்பிஎஃப் இருந்தா ரெண்டுமே செல்லாது, தப்புன்னு எடுத்துக்கும். ரெண்டு வண்டியயும் ஒரே வரில சேத்து எழுதணும். டிகேஐஎம்ம நான் ஆன் பண்ணவே இல்ல. ஆக கையில ஒண்ணுமில்லாம வாசல்ல நிக்கிறோம், ஃபார்ம் மட்டும் வர்றவங்க எல்லாருக்கும் பச்சைக் கட்டம் காட்டிக்கிட்டே இருக்கு.

எத்தன மாசம்? மாசியில ஆரம்பிச்சு புரட்டாசி வரைக்கும். எத்தன பேர் எழுதினாங்க? அதுதான் இன்னைக்கு வரைக்கும் தெரியல. அந்த ஃபார்ம் பிளகின் எழுதினத எங்கயும் சேத்தும் வைக்காது, மெயில் போனா போனதுதான். ஒரே ஒரு ஆள் எழுதிட்டு விட்டாரா, நாப்பது பேரா, எனக்குக் கணக்கே இல்ல. ஒழுகின டின்னுக்காவது தரையில கறை இருக்கும்.

இப்போ வர்ற என்கொயரி எல்லாம் டேட்டாபேஸ்லயும் ஒரு காப்பி விழற மாதிரி வச்சிருக்கேன். உங்ககிட்ட ஃபார்ம் இருந்தா இன்னைக்கே ஒண்ணு பண்ணுங்க, வேற யாரோ மாதிரி நிரப்பி அனுப்புங்க, ஜிமெயில்ல வந்த மெயிலத் தொறந்து மூணு புள்ளியத் தட்டி "ஷோ ஒரிஜினல்" பாருங்க, கம்ப்யூட்டர்ல பாக்கணும். எஸ்பிஎஃப், டிகேஐஎம் பக்கத்துல பாஸ்னு இருந்தா நிம்மதியா தூங்குங்க.

இவ்வளவு திட்டினதுக்கு அப்புறம் நல்லதையும் சொல்லணும்ல.

மொத வருஷம் கடைக்கு வர்றவங்க ஒரே கேள்விய மாத்தி மாத்திக் கேப்பாங்க, நல்லெண்ணெய்க்கு எள்ளு ஆட்டறப்போ கருப்பட்டி போடறீங்களே, அது கலப்படம் இல்லையான்னு. ஒருத்தர் வீடியோவே எடுத்துட்டார். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சு, ஒரு ராத்திரி சைட்டுல எழுதிப் போட்டேன். எள்ளு காஞ்சு கிடக்கும், ஆட்டறப்போ கொஞ்சம் ஈரமும் பசையும் இருந்தாத்தான் மாவு திரண்டு எண்ணெய் பிரியும், கருப்பட்டி அதக் குடுக்குது, எள்ளோட கசப்பையும் அமுக்குது, இனிப்பெல்லாம் பெரும்பாலும் புண்ணாக்கோட போயிரும், அதனாலதான் எள்ளுப் புண்ணாக்குன்னா மாடு ஓடி வருது. ரெண்டு ஃபோட்டோ, முன்னூறு வார்த்த, எழுத்துப்பிழை உட்பட. அதுக்கப்புறம் அதத் தொட்டதே இல்ல. அஞ்சு வருஷமா கூகுள்ல இருந்து சைட்டுக்கு வர்றவங்கள்ல பாதிக்கு மேல அந்த ஒரு பக்கத்துக்குத்தான் வர்றாங்க. என்ன தேடி வந்தாங்கன்னு கூகுளே காட்டற சர்ச் கன்சோல்ல பாத்தா தமிழ்லயும் தேடறாங்க, இங்கிலீஷ் எழுத்துல தமிழத் தட்டியும் தேடறாங்க, நடு ராத்திரில உக்காந்து கருப்பட்டியத் தேடறவங்களும் இருக்காங்க. இன்ஸ்டால நான் போட்ட ரீல்ஸ் எல்லாம் மூணு நாள் ஓடிச்சு, அப்புறம் நானே தேடினாலும் கிடைக்கல.

அந்தப் பக்கத்துல ஒரு கூத்து. தலைப்பு "எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி எதுக்கு"ன்னு வச்சேன், பக்கத்தோட முகவரியும் தமிழ்லயே இருக்கட்டும்னு விட்டேன். வேர்ட்பிரஸ்ல முகவரிக்கு 200 எழுத்துதான் எடம், ஒரு தமிழ்க் குறி அதுல ஒன்பது எழுத்தா விரியும், "ளு"ன்னா அது ரெண்டு குறி வேற. அதனால முகவரி "எள்ளு-ஆட்டும்போது-கருப்ப"ன்னு அந்தரத்துல நிக்குது. இங்கிலீஷ்ல சின்னதா மாத்தியிருக்கலாம், எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க, எனக்கு மாத்த மனசு வரல. ஒரு கஸ்டமர் கடைக்கே வந்து "கருப்பன்ங்கிறவரு இங்க வேல செய்யறாருங்களா"ன்னு கேட்டாரு.

சொந்த டொமைன் எதுக்குன்னு கேட்டீங்கன்னா அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. கூகுள் பிசினஸ் புரொஃபைலோட சும்மா குடுத்துட்டு இருந்த குட்டி சைட்டுகள 2024 மார்ச்சுல கூகுள் நிறுத்திருச்சு. அதத்தான் விசிட்டிங் கார்டுல அச்சடிச்சு வச்சிருந்தாங்க நெறய பேரு. புரொஃபைல் இப்பவும் ஃப்ரீதான், மேப்ல கடை ஒழுங்கா வர்றதுக்கு அது வேணும், மாப்ள அத முதல்ல போடு, போர்டு தெரியற மாதிரி வாசல்ல இருந்து வீடியோ எடுக்கச் சொன்னா சலிச்சுக்காத. உள்ளூர் ஆளுங்க வழி கேட்டு வர்றது முழுக்க அதுல இருந்துதான், சைட்டுல இருந்து இல்ல.

ஆக கணக்குப் பாத்தா சைட்டு போட்ட காசுக்கு மேல சம்பாதிச்சுக் குடுத்திருக்கு, பெங்களூர், சென்னைனு மாசாமாசம் வாங்கற குடும்பங்க இருக்காங்க, கருப்பட்டி படிச்சுட்டு வந்தவங்க. ஈரோட்டு அக்காவும் அடுத்த தீபாவளிக்கு எடுத்தாங்க. ஆனா மாப்ள, நீ இன்னைக்குக் கேட்டா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். புதுக் கடை, அடுப்படில நிக்கவே உனக்கு நேரம் பத்தாது, இதுல எவன் சீட்டு எந்த வாட்ச்மேன் கிட்ட செல்லலைன்னு நீ எங்க போய்ப் பாப்ப. வாட்ஸப் போதும். தை பொறக்கட்டும், அப்புறம் கேளு, அப்போ வேற மாதிரி சொன்னாலும் சொல்லுவேன்.

ரெனியூவலா? கட்டிட்டேன், மூணு வருஷத்துக்கு. திட்டிக்கிட்டேதான் கட்டினேன்.

திங்கக்கெழம காலைல செக்க ஓட விட்டுட்டு ஃபார்ம்ல ஒரு டெஸ்ட் போடறது இப்போ பழக்கமாயிருச்சு. இன்னைக்கு 6:10க்குப் போட்டேன், 6:11க்கு ஜிமெயில்ல வந்து நின்னுச்சு. பேரு கருப்ப, ஊரு ஈரோடு, கடலெண்ணெய் இருபது டின்னு.