‘அங்கீகாரம் பெற்றது’ என்று போட்டிருந்தால், கொடுத்தது யார் என்று கேளுங்கள்

ஆன்லைனில் பிசினஸ் மேனேஜ்மென்ட் படிக்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். நான் சேர்ந்து ஏமாந்த கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் அடுத்த மாதம் வேறு பெயரில் கடை விரிப்பார்கள். செய்கிற வேலை மட்டும் மாறாது, அதைத்தான் எழுதுகிறேன்.

ஏழு வருடம் வேலை பார்த்தாகிவிட்டது, கையில் ஒரு மேலாண்மைப் பட்டம் இருந்தால் அடுத்த படிக்கு உதவும் என்று நினைத்தேன். பாடத்திட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் போன் நம்பரைக் கொடு என்றது அந்தத் தளம். கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்துவிட்டது, பேசியவர் தன்னை ‘மாணவர் ஆலோசகர்’ என்று சொல்லிக்கொண்டார். மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்த்தாக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கும் விற்பனை ஆள்தான் அவர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. “சார், உங்க புரொஃபைலுக்கு 40 சதவீதம் ஸ்காலர்ஷிப் அப்ரூவ் ஆகியிருக்கு, ஆனா இன்னைக்கு ராத்திரி 12 மணி வரைக்கும்தான்” என்றார். தளத்தில் ஒரு கடிகாரம் வேறு பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பல நாள் கழித்து மனைவியின் போனில் அதே பக்கத்தைத் திறந்தபோது அந்தக் கடிகாரம் மறுபடியும் ஆறு மணி நேரத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. என்னோடு சேர்ந்தவர்களிடம் கேட்டால் எல்லோருக்குமே 40 சதவீதம், எல்லோருக்கும் ஒரே கடிதம், பெயர் மட்டும் வேறு.

பணம் கட்டிய விதத்தில்தான் பெரிய அடி. “மொத்தமா கட்ட வேண்டாம் சார், மாசாமாசம் கட்டிக்கலாம்” என்று சொல்லி, போனில் பேசிக்கொண்டே இரண்டு ஓடிபி வாங்கினார். கல்லூரிக்குத் தவணையில் கட்டுகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரு கடன் நிறுவனம் என் பெயரில் முழுக் கட்டணத்தையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டது, நான் கட்டிக்கொண்டிருப்பது அந்தக் கடனை. படிப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது, தவணையைத் தவறவிட்டால் என் கிரெடிட் ஸ்கோர்தான் அடிவாங்கும். ஆகவே தவணை என்று யாராவது சொன்னால், இது கல்லூரியின் தவணையா, மூன்றாவது ஆள் கொடுக்கும் கடனா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, பாடமாவது உருப்படியாக இருந்ததா? நேரலை வகுப்பு என்றார்கள், வந்ததெல்லாம் பதிவு செய்த வீடியோ. வியூக மேலாண்மை முதல் வகுப்பில் ஆசிரியர், “இன்றைக்கு உலகத்திலேயே முதலிடத்தில் இருக்கும் மொபைல் நிறுவனமான நோக்கியாவை எடுத்துக்கொள்வோம்” என்று ஆரம்பித்தார். நோக்கியா அந்த இடத்தை சாம்சங்கிடம் இழந்தது 2012இல், கைபேசித் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்று முடித்தது 2014இல். அப்படியானால் வீடியோவின் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மேலாண்மை வகுப்புகளில் நோக்கியாவை நடத்துவது வழக்கம்தான், ஆனால் எப்படி வீழ்ந்தது என்பதற்காக! யாருக்கோ எப்போதோ எடுத்த வகுப்பு அது, நடுவில் முன்வரிசையில் ஒருவர் இருமுவதும் ஆசிரியர் “தண்ணி வேணுமா?” என்று கேட்பதும் அப்படியே இருக்கிறது.

தேர்வு அதைவிட மோசம். நிலையான செலவு 60,000, ஒரு பொருளின் விலை 50, அதைத் தயாரிக்க ஆகும் மாறும் செலவு 30, லாபமும் நட்டமும் இல்லாத நிலைக்கு எத்தனை விற்க வேண்டும் என்று ஒரு கேள்வி. ஒவ்வொன்றிலும் கையில் மிஞ்சுவது 20, ஆக 3,000. நான் போட்டதும் அதுதான். தவறு, சரியான விடை 1,200 என்றது அமைப்பு. அதாவது 60,000ஐ 50ஆல் வகுத்திருக்கிறார்கள், மாறும் செலவையே மறந்துவிட்டு. மின்னஞ்சல் அனுப்பினேன், “உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்” என்று பதில் வந்தது, விடை கடைசிவரை 1,200ஆகவே இருந்தது. ஒரு நிறுவனத்தின் தொழில்களை நான்கு கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும் பிசிஜி மேட்ரிக்ஸ் பாடத்தில் கறவை மாடு என்று ஒரு கட்டம் வரும், பெரிதாகச் செலவில்லாமல் பணம் கறந்து தரும் தொழில். அது யார் என்பது அந்த வாரம் நன்றாகப் புரிந்தது.

இவ்வளவுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், முடித்தால் பட்டம் வருமே என்று. ஆறாவது மாதம் வேறொரு பல்கலைக்கழகத்தில், இந்தப் பாடங்களுக்கான கிரெடிட்டை ஏற்றுக்கொள்வீர்களா என்று விசாரித்தேன். ஒரு வரிதான் பதில்: நீங்கள் குறிப்பிடும் அங்கீகார அமைப்பு நாங்கள் ஏற்கும் பட்டியலில் இல்லை. அதற்குப் பிறகுதான் கல்லூரித் தளத்தின் அடியில் மின்னிய தங்க முத்திரையை ஒழுங்காகப் பார்த்தேன். ‘சர்வதேச’ என்று ஆரம்பிக்கும் நீளமான பெயர், அந்த அமைப்பின் தளத்துக்குப் போனால் மொத்தம் ஒன்பது கல்லூரிகள், ஒன்பதின் தளங்களும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன, தொடர்பு எண் உட்பட. பக்கத்திலேயே ஐஎஸ்ஓ 9001 முத்திரை ஒன்றும் இருந்தது. அது நிர்வாக நடைமுறைக்கான தரச்சான்று. பட்டம் செல்லுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வணிகக் கல்விக்கு உலக அளவில் பெயர் சொல்லும் அங்கீகாரங்கள் மூன்று: 1916இல் தொடங்கிய ஏஏசிஎஸ்பி, 1967இல் தொடங்கிய ஆம்பா, 1997இல் வந்த ஈக்விஸ். இவை இல்லாத நல்ல கல்லூரிகளும் ஏராளம், அதனால் இவை இல்லை என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். ஆனால் இருக்கிறது என்று சொன்னால் அந்தந்த அமைப்பின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், கல்லூரி கொடுக்கும் லிங்க்கை அழுத்தாதீர்கள். அப்புறம், ஏஏசிஎஸ்பியில் ‘உறுப்பினர்’ என்பது வேறு, ‘அங்கீகாரம் பெற்றது’ என்பது வேறு, அந்த இரண்டையும் குழப்பிவிட்டே காசு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம்விட முக்கியம், பட்டம் கொடுக்கும் நிறுவனத்தை அதன் நாட்டு உயர்கல்வித் துறை ஏற்றிருக்கிறதா என்பது. நான் அதைப் பார்க்கவே இல்லை, என் தப்புதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 14 நாளுக்குள் கேட்டால் முழுப் பணமும் வரும் என்று விதி இருக்கிறது, ஆனால் அந்த 14 நாள் பணம் கட்டிய தேதியிலிருந்து. எனக்கு லாகின் வந்தது 11ஆம் நாள், முதல் பாடம் திறந்தது 16ஆம் நாள். தற்செயல் என்று நான் நம்பவில்லை, என்னோடு சேர்ந்தவர்களில் நான்கு பேருக்கு இதே கணக்கு. போனில் சொன்ன எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை, ‘வாய்மொழி உறுதிகள் செல்லாது’ என்று ஒன்பதாவது பக்கத்தில் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள்.

இப்போது ஸ்காலர்ஷிப் கடிதம், ஒப்பந்தம், முதல் பாடம் திறந்த தேதியின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து கடன் நிறுவனத்துக்கும் நுகர்வோர் புகார் பிரிவுக்கும் அனுப்பியிருக்கிறேன். தவணை இன்னும் ஐந்து பாக்கி, ஸ்கோருக்குப் பயந்து கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஒன்பது கல்லூரிகளில் ஏதாவது ஒன்றில் நீங்களும் மாட்டியிருந்தால், லாகின் வேலை செய்யும்போதே எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் புகார் அனுப்பிய மூன்றாம் நாள் என் கணக்கை முடக்கிவிட்டார்கள்.