பீரோவில் தூங்கிய டிஎஸ்எல்ஆர்

2011-ல் நிக்கான் டி3100 என்ற டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய பெரிய கேமரா) வாங்கினேன், கூட வந்த 18-55 கிட் லென்ஸோடு. இரண்டு வருஷம் கழித்துக் கைக்கு அடக்கமாக இருக்கட்டுமே என்று சோனி ஆர்எக்ஸ்100 என்ற சின்ன காம்பாக்ட் கேமரா. "ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு?" என்றார் மனைவி. நியாயமான கேள்விதான்.

சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில் மகளை இரண்டிலும் எடுத்துப் பார்த்தேன். சின்ன கேமரா படமே தெளிவாக இருந்தது, எரிச்சலாக இருந்தது எனக்கு. நிக்கானின் சென்சார் (வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு) 23.1 × 15.4 மி.மீ., சோனியுடையது 13.2 × 8.8. பரப்பில் நிக்கானுடையது மூன்று மடங்கு, அந்த அளவுக்கு வெளிச்சமும் கூடுதலாகச் சேரும். ஆனால் ஜூம் செய்யாமல் 18 மி.மீ.யில் கிட் லென்ஸ் எஃப் 3.5 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்), சோனி லென்ஸ் 1.8 வரை திறக்கும். கிட்டத்தட்ட நாலு மடங்கு வெளிச்சம்! சென்சாரில் வந்த லாபத்தை லென்ஸ் தின்றுவிட்டது. (ஜூம் செய்தால் சோனியும் எஃப் 4.9-க்கு இறங்கிவிடும்.)

சரி, நல்ல லென்ஸ் வாங்குவோம் என்று பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி ஒன்றை மலிவாக வாங்கினேன். டி3100 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அந்த லென்ஸிலும் கிடையாது. கையால் திருகி ஃபோகஸ் செய்வதற்குள் மகள் அடுத்த அறைக்குப் போயிருப்பாள். விசாரிக்காமல் வாங்கியது என் தப்பு. நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, மோட்டார் உள்ள 35 மி.மீ. எஃப் 1.8ஜி வாங்கினேன். டிஎஸ்எல்ஆர் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கிட் லென்ஸோடு நிறுத்திக்கொள்ளப் போகிறவர்கள் காம்பாக்டே வாங்கலாம் என்பேன். பள்ளி ஆண்டுவிழா மட்டும் விதிவிலக்கு. பதினைந்தாவது வரிசையிலிருந்து சோனியில் எடுத்தால் பிள்ளை எறும்பு மாதிரி தெரியும், அங்கே தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 55-200 லென்ஸ் வேண்டும்.

ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கு சோனியை மட்டும் கொண்டுபோனேன். அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலை, வைகையில் நகர இடமில்லை. தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் வேறு. பாலிதீன் கவரைச் சுற்றி, ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து எடுத்தேன். பெரிய கேமராவை அந்த நெரிசலில் பையிலிருந்து வெளியே எடுத்திருக்கவே மாட்டேன். வெயில் ஏறியதும் திரையில் ஒன்றும் தெரியவில்லை, கண் வைத்துப் பார்க்க வியூஃபைண்டரும் இல்லை. குத்துமதிப்பாகத்தான் எடுத்தேன்.

இப்படிச் சோனியே கூட வரவர, நிக்கான் பீரோவில் கிடந்தது. சென்னையில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பையைத் திறக்கவில்லை. அப்புறம் கிட் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள். பூஞ்சை! துடைத்து வாங்கியும் எதிர் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் வெள்ளையாக ஒரு மூட்டம் படர்கிறது. இப்போது மற்ற லென்ஸெல்லாம் காற்றுப் புகாத அரிசி டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கின்றன. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றிவிடுவேன். ஐப்பசியில் சீக்கிரமே நிறம் மாறிவிடுகிறது.