குறிப்போடு படிப்பதா, குறிப்பில்லாமல் படிப்பதா: ஒரு நாவல், இரண்டு பதிப்புகள்

அக்கா மகள் ஆங்கில இலக்கியம் சேர்ந்திருக்கிறாள். முதல் பருவத்திலேயே ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. "சித்தி, நாவல் மட்டும் இருக்கிற புத்தகம் வாங்கவா, பக்கத்துக்குப் பக்கம் குறிப்பு போட்டது வாங்கவா?" என்று கேட்டாள். என் அலமாரியில் இரண்டும் இருக்கின்றன. முதலாவது, கல்லூரி நாளில் பழைய புத்தகக் கடையில் பிடித்தது. இரண்டாவது, இருபது வருடம் கழித்து வாங்கியது. குறிப்புள்ளதையே வாங்கச் சொன்னேன். சொன்ன பிறகுதான் ஏன் என்று யோசித்தேன்.

விலை, எடை எல்லாம் சொல்லத் தேவையில்லை. வெறும் பதிப்பு மலிவு, பைக்குள் போகும். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் போனில் இலவசமாகவே படிக்கலாம். குறிப்புப் பதிப்பைப் படுத்துக்கொண்டு படித்தால் கை வலிக்கும். வண்டி ஒன்று வந்து நின்றால் போதும், அது எத்தனை குதிரை பூட்டியது, எந்த அந்தஸ்துக்காரர் வைத்திருப்பது என்று அரைப் பக்கம் ஓடும். அதற்குள் வண்டியிலிருந்து இறங்கியவர் யார் என்பதே மறந்துவிடும். இதைவிடப் பெரிய தொந்தரவு முன்னுரை. நல்லவன்போல வரும் விக்கம் என்ற இளைஞன் யோக்கியன் இல்லை என்பதை நாவல் பாதி தாண்டித்தான் நாயகன் டார்சியின் கடிதத்தில் உடைக்கும். முன்னுரை எழுதுகிறவர்கள் மூன்றாம் பக்கத்திலேயே உடைத்துவிடுவார்கள்.

நகைச்சுவைக்கும் குறிப்பு தேவையில்லை. காலின்ஸ் என்ற பாதிரியார் நாயகி எலிசபெத்திடம் வந்து, தான் ஏன் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன் என்று காரணங்களை வரிசையாக அடுக்குகிற இடத்தை யாரும் விளக்க வேண்டாம். இதுவரை வெறும் பதிப்புக்கே வெற்றி.

அப்புறம் எங்கே தோற்றது? சூழல் தெரியாமல் படித்தால் மனதில் ஒன்றுமே இல்லாமல் படிக்கிறோம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அந்தக் காலியிடத்தில் நம் வீட்டுச் சூழல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஐந்து பெண்கள், மாப்பிள்ளை தேடிப் பரபரக்கும் அம்மா, யாருக்கு வருமானம் எவ்வளவு என்ற விசாரணை. எங்கள் தெருவிலேயே இப்படி நாலு வீடு இருந்ததால், எல்லாம் புரிந்துவிட்டதாகவே நினைத்தேன். மிஸஸ் பென்னெட் ஒரு அசடு, கல்யாணப் பைத்தியம். மிஸ்டர் பென்னெட் புத்தக அறையில் ஒதுங்கி, மனைவியைக் கிண்டல் செய்துகொண்டு, மகள் எலிசபெத்தை மட்டும் மதிக்கும் அருமையான அப்பா. அந்த வயதில் எனக்கு அப்படியொரு அப்பா வேண்டும் என்றுகூடத் தோன்றியது.

நம் ஊரில் பெண்ணைப் பெற்றவர் பயப்படுவது கல்யாணச் செலவுக்கு. பென்னெட் குடும்பம் வாழும் லாங்போர்னில் பயமே வேறு. அந்த வீடும் நிலமும் 'எண்டெயில்' என்ற ஏற்பாட்டில் கட்டுண்டவை. அனுபவிக்கிறவர் தன் ஆயுள்வரை வருமானத்தைச் சாப்பிடலாம். விற்கவோ மகள்களுக்கு எழுதிவைக்கவோ முடியாது. மகன் இல்லாவிட்டால் ஆண்வழியில் அடுத்தவருக்குப் போகும். இங்கே அடுத்தவர் காலின்ஸ். நம் சொல்லில் பங்காளி. அப்பா கண் மூடினால் ஆறு பெண்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாவலே இதைச் சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறது. இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. நாவல் வெளிவந்த 1813இல் வாங்கிப் படித்தவர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. நானோ அதை ஏதோ சட்டச் சிக்கல் என்று தாண்டிப் போனேன்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான் குறிப்புப் பதிப்பின் பக்கம் சாய்ந்ததே இந்தக் கணக்கால்தான். பென்னெட்டின் நிலத்து வருமானம் ஆண்டுக்கு 2,000 பவுண்டு. அவர் போன பிறகு மனைவிக்கும் மகள்களுக்கும் மிஞ்சுவது, திருமண ஒப்பந்தத்தில் எழுதிய 5,000 பவுண்டு முதல். அன்று வசதியுள்ளவர்கள் அரசுக் கடன் பத்திரங்களில் பணம் போட்டு, ஆண்டுக்கு 4 சதவீதம் போல வட்டி வாங்கி வாழ்ந்தார்கள். 5,000க்கு 200 பவுண்டு. இன்று 2,000இல் வாழும் குடும்பம் நாளை 200இல். அதில் வீட்டு வாடகையும் அடக்கம். வேலைக்குப் போகலாமே என்றால், அந்த வர்க்கத்துப் பெண்ணுக்குத் திறந்திருந்தது பெரும்பாலும் இன்னொருவர் வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வேலைதான்.

இப்போது காலின்ஸின் பேச்சைத் திரும்பப் படித்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். எலிசபெத்துக்கு வரப்போவது 4 சதவீதப் பத்திரத்தில் 1,000 பவுண்டு, அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகுதான், அதை ஒருபோதும் குத்திக்காட்ட மாட்டேன் என்று அவர் பெருந்தன்மையோடு குத்திக்காட்டுகிறார். ஆண்டுக்கு 40 பவுண்டு. அதைக் கேட்டுக்கொண்டே அவள் மறுக்கிறாள். முதல் வாசிப்பில் அது ஒரு முட்டாளை மறுத்த காட்சி. இரண்டாவதில், குடியிருக்கும் வீட்டையே வேண்டாம் என்று சொன்ன காட்சி.

அவள் மறுத்தவரை உடனே ஏற்றுக்கொண்ட தோழி ஷார்லெட்டுக்கு 27 வயது. கல்லூரியில் அவள்மீது எனக்குக் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை. ஷார்லெட்டின் அம்மா, மிஸ்டர் பென்னெட் இன்னும் எத்தனை வருடம் இருப்பார் என்று உடனே கணக்குப் போடத் தொடங்குகிறாள். அந்த வரியை முன்பு சிரித்துக்கொண்டே கடந்திருக்கிறேன்.

இந்தக் கணக்கின் வெளிச்சத்தில் மிஸஸ் பென்னெட் அசடு இல்லை என்று சொல்ல வரவில்லை. அசடுதான். ஆனால் அந்த வீட்டில் ஆபத்தை ஆபத்தாகப் பார்த்த ஒரே ஆள். அறிவாளி அப்பா என்ன செய்தார்? மகன் பிறப்பான், வயது வந்ததும் அவனும் சேர்ந்து கையெழுத்திட்டால் அந்த எண்டெயில் கட்டை அவிழ்த்துவிடலாம் என்று நம்பி, ஒரு காசும் சேமிக்கவில்லை. ஐந்தும் பெண்ணாகப் பிறந்தபின் இனிச் சேமித்து என்ன பயன் என்று விட்டுவிட்டார். நாவலின் கடைசிப் பகுதியில் ஆஸ்டின் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். முதல் தடவை என் கண்ணில் படவே இல்லை.

ஆஸ்டினுக்கு இது கேள்விப்பட்ட கணக்கு அல்ல. 1805இல் அப்பா இறந்ததும் அவரும் அம்மாவும் அக்காவும் சகோதரர்கள் தரும் பணத்தை நம்பி வாழ்ந்தார்கள். 1809இல் ஓர் அண்ணன் சாட்டன் என்ற கிராமத்தில் தன் பண்ணையிலிருந்த வீட்டை ஒதுக்கிக் கொடுத்தார். இந்த நாவலின் உரிமையை ஆஸ்டின் 110 பவுண்டுக்கு விற்றார். எலிசபெத்தின் 40 பவுண்டில் மூன்று வருடத்துக்குக்கூட வராது.

இன்னொரு இடம். பென்னெட்டின் கடைசி மகள் லிடியா விக்கமோடு ஓடிப்போகிறாள். அவர்கள் ஸ்காட்லாந்துக்குப் போகவில்லை என்று தெரிந்ததும் குடும்பமே நடுங்குகிறது. போகாதது நல்லதுதானே என்று நினைத்தேன்! 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் சம்மதமின்றி மணம் முடிப்பதை 1753ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் கடினமாக்கியது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. ஆகவே ஓடிப்போனவர்கள் எல்லை தாண்டிப் போய்க் கல்யாணத்தை முடித்துக்கொண்டு திரும்புவார்கள். அங்கே போகவில்லை என்றால், அவனுக்குக் கல்யாண எண்ணமே இல்லை என்று அர்த்தம்.

சூழல் வாசிப்பு அளவு மீறவும் செய்யும். அதே ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் கரீபியன் தீவான ஆன்டிகுவாவில் உள்ள தோட்டமும் அடிமை வணிகமும் சில வரிகளில் வந்துபோகும். முக்கியமான வரிகள்தான். ஆனால் அதைப் பற்றிய கட்டுரைகளை முதலில் படித்துவிட்டு நாவலுக்குப் போன எனக்கு, அந்த வரிகள் எப்போது வரும் என்று காத்திருந்ததில் மற்றதெல்லாம் நழுவிவிட்டது. ரஷ்ய நாவல்களை மொழிபெயர்ப்பில், குறிப்பில்லாமல்தான் படித்திருக்கிறேன். அங்கேயும் இதே தீர்ப்பு செல்லும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அக்கா மகளுக்குச் சொன்ன ஒரே நிபந்தனை: முன்னுரையைத் தொடாதே. நாவல் முதலில் மூன்று பாகங்களாக வந்தது. 23ஆம் அத்தியாயத்தோடு முதல் பாகம் முடியும். அதுவரை குறிப்பைப் பார்க்காமல் படி, பிறகு திரும்பி வந்து குறிப்புகளை மொத்தமாகப் பார், அடுத்த பாகத்துக்குப் போ. வண்டிகளைப் பற்றியதைத் தாராளமாகத் தாண்டலாம்.

நேற்று பேசினாள். முதல் பாகம் குறிப்போடு முடித்துவிட்டாளாம். மிஸ்டர் பென்னெட்டை இப்போதே பிடிக்கவில்லையாம். "ஜோக் அடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கார் சித்தி, கோபம் கோபமா வருது" என்றாள். சரிதான் என்றேன். ஆனாலும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அந்த மனிதரை இருபது வருடம் ரசித்தவள் நான்.