பாஸ்கர்வில் மாளிகையில் பதினோரு வருடம்

ஒரு மிக்ஸியைப் பற்றியோ பைக்கைப் பற்றியோ கருத்துச் சொல்வதென்றால் நாலைந்து வருடமாவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். படங்களுக்கும் அதே கணக்குத்தான். 1959இல் வந்த ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ படத்தைப் பதினோரு வருடமாகப் பார்த்து வருகிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை நிச்சயம், மழைக்காலம் நீண்டால் மூன்று. குற்றவாளி யார், நாய் எங்கிருந்து வருகிறது, யார் எந்த இடத்தில் பொய் சொல்கிறார்கள் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் படம் தேயவில்லை. ஏன் தேயவில்லை என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன். கதையின் முடிச்சை ஆங்காங்கே அவிழ்த்துவிடுவேன், நாவலும் படிக்காதவர்கள் படத்தை முதலில் பார்த்துவிட்டு வரலாம்.

பழைய மாளிகை, வம்சத்தின் மேல் ஒரு சாபம், பனிமூட்டம், இருட்டினால் கதவைத் தாழிட்டுக்கொள்ளும் ஊர். இது கோதிக் கதை. அதற்குள் பேயை நம்பாத ஒரு மனிதர் கைத்தடியோடு நுழைந்து ‘செருப்பு எங்கே காணாமல் போனது?’ என்று விசாரித்தால் அது துப்பறியும் திகில். இந்த வகையின் தாய்க்கதை, இந்தப் படத்தின் மூலநாவல், ஆர்தர் கோனன் டாயிலுடையது. 1901, 1902இல் ‘தி ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் தொடராக வந்தது. களம் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள டார்ட்மூர்: கருங்கல் குன்றுகள், மரமில்லாத வெட்டவெளி, காலை வைத்தால் உள்ளே இழுக்கும் சதுப்பு, கைவிட்ட தகரச் சுரங்கங்கள், நடுவில் ஒரு சிறைச்சாலை. பேய் இல்லாமலே பயப்படுத்தக்கூடிய ஊர்தான்.

படத்தை எடுத்தது பிரிட்டனின் ஹேமர் நிறுவனம். இயக்கம் டெரன்ஸ் ஃபிஷர். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸாக பீட்டர் குஷிங், அவருடைய நண்பர் டாக்டர் வாட்சனாக ஆந்த்ரே மோரெல், மாளிகையின் வாரிசு சர் ஹென்றியாக கிறிஸ்டோபர் லீ. வண்ணத்தில் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் படம் இதுதான். இதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் இதே குழு ஃபிராங்கன்ஸ்டைனையும் டிராகுலாவையும் வண்ணத்தில் எடுத்திருந்தது. டிராகுலாவாக வந்து ஊரைக் குலைநடுங்க வைத்த லீ, இங்கே மற்றவர்கள் காப்பாற்ற வேண்டிய ஆள். அந்த உயரமும் அந்தக் குரலும் கொண்ட மனிதர் ஒரு சிலந்திக்கு முன்னால் அசையாமல் நிற்பதைப் பார்க்கும்போது பயம் இரண்டு மடங்காகிறது.

அந்தக் காட்சியை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஹோட்டல் அறை. சர் ஹென்றியின் பூட்ஸில் ஒன்று காணாமல் போயிருக்கிறது. ஹோம்ஸை ஹோட்டல் மேனேஜர் என்று நினைத்துக்கொண்டு அவரிடமே சத்தம் போடுகிறார். பார்க்கிற நமக்குச் சிரிப்பு வருகிறது, உடம்பு தளர்கிறது. அப்புறம் மிச்சமிருக்கும் பூட்ஸிலிருந்து ஒரு டரான்டுலா வெளியே வந்து, அவர் உடம்பின் மேல் மெதுவாக ஏறுகிறது. ஹோம்ஸ் அசையாதே என்கிறார். லீயின் முகத்தில் வியர்வை. அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடப்பதில்லை. நாவலில் இந்தச் சிலந்தியே கிடையாது, படத்துக்காகச் சேர்த்தது. முதல் நாலைந்து தடவை நான் சிலந்தியைத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு குஷிங்கின் கண்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பயப்படுகிறவரை அவர் பார்க்கவே இல்லை. பூச்சியின் கால்களை மட்டும் அளந்துகொண்டிருக்கிறார். ஒரே அறையில் ஒருவர் பயத்துக்குள் இருக்கிறார், இன்னொருவர் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார். இந்த வகைப் படம் முழுவதையும் அந்த ஒரு நிமிடத்துக்குள் வைத்துவிட்டார்கள்.

நாள்பட நாள்பட இறங்கிப்போன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். முக்கியமாக நாய். ஒரு கிரேட் டேன் நாய்க்கு முகமூடி மாட்டிவிட்டிருக்கிறார்கள். முதல் தடவை திடுக்கிட்டேன், மூன்றாம் தடவையே முகமூடி தெரிந்துவிட்டது. நாவலில் பாஸ்பரஸ் பூசிய, வாயில் தீ எரிவது போன்ற மிருகத்தைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு நிச்சயம் ஏமாற்றம்தான். 87 நிமிடத்துக்குள் கதையை முடிக்கிற அவசரத்தில் கடைசிப் பகுதி தடதடவென்று ஓடுகிறது. மூர் எனப்படும் அந்த வெட்டவெளிக் காட்சிகளிலும் இங்கிலாந்தின் சர்ரே பக்கம் எடுத்த நிஜமான திறந்தவெளி ஒரு ஷாட்டிலும், ஸ்டுடியோ தரை அடுத்த ஷாட்டிலும் வருவது கண்ணுக்குப் பழகிய பிறகு நன்றாகவே தெரிகிறது.

ஆனால் நாய் இறங்கியதால் படம் இறங்கவில்லை. படத்தின் தொடக்கத்திலேயே காரணம் இருக்கிறது. சாபத்துக்குக் காரணமான முன்னோர் சர் ஹ்யூகோ, மாளிகையில் குடித்துக் கூத்தடிக்கிறான். வேலைக்காரனை ஜன்னல் வழியாக வெளியே எறிகிறான், நெருப்பில் வாட்டுகிறான். அந்த வேலைக்காரனின் மகள் தப்பித்து மூர் வெளியில் ஓட, துரத்திக்கொண்டுபோய் இடிந்த மடாலயத்தில் குத்திக் கொல்கிறான். அதன் பிறகு ஓர் ஊளை. நாயை நமக்குக் காட்டுவதில்லை. ஹ்யூகோவின் முகத்தை மட்டும் காட்டுகிறார்கள். அதுவரை மற்றவர்கள் முகத்தில் அவன் உண்டாக்கிய அதே பயம் இப்போது அவன் முகத்தில். படத்தின் நிஜமான வேட்டைநாய் அந்த ஊளைதான். அதற்கு வயதே ஆகவில்லை.

ஏறிக்கொண்டே போகிற விஷயங்களில் முதலாவது வெளிச்சம். ஒளிப்பதிவாளர் ஜாக் ஆஷர் விளக்குகளுக்கு முன்னால் வண்ணத் தாள்களை வைத்து, அறையின் மூலையில் ஒரு பச்சை, படிக்கட்டின் ஓரத்தில் ஓர் ஊதா என்று தூவிவிடுவார். அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் கிடையாது. மெழுகுவர்த்தியிலிருந்தும் வராது, நிலாவிலிருந்தும் வராது. ஆனால் அந்த மூலைக்குப் போகாதே என்று மனசு சொல்லும். கலை இயக்குநர் பெர்னார்ட் ராபின்சன், தேம்ஸ் கரையில் இருந்த சின்னஞ்சிறு பிரே ஸ்டுடியோவில், ஒரு படத்துக்குப் போட்ட செட்டையே சுவரை மாற்றி, தூணை நகர்த்தி அடுத்த படத்துக்கும் பயன்படுத்துவதில் கைதேர்ந்தவர். இருக்கிற இடத்தைத் திரைச்சீலையாலும் நாற்காலியாலும் நிரப்பியே ஒரு பரம்பரைப் பணக்காரத்தனத்தைக் கொண்டுவந்துவிடுவார். பத்தாவது தடவைக்கு மேல் நான் கதையை விட்டுவிட்டு மேஜை, கண்ணாடிக் குடுவை, புத்தக அலமாரி என்று பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு.

இரண்டாவது, மோரெலின் வாட்சன். இந்தக் கதையில் நடுவே ரொம்ப நேரம் ஹோம்ஸ் இருக்க மாட்டார். வாட்சன்தான் மாளிகைக்குப் போய் எல்லாவற்றையும் தனியாகச் சமாளிக்க வேண்டும். வாட்சன் அசடாக இருந்தால் அந்தப் பகுதி படுத்துவிடும். மோரெல் ராணுவத்தில் இருந்த டாக்டராகவே இருக்கிறார். நிதானம், கொஞ்சம் கோபம், தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் நேர்மை. குஷிங் அசல் கதைகளின் தீவிர வாசகர். ஸ்ட்ராண்டில் சிட்னி பேஜெட் வரைந்த சித்திரங்களை வைத்துக்கொண்டே தன் தோற்றத்தை அமைத்துக்கொண்டவர். அவருடைய ஹோம்ஸ் துறுதுறுவென்று, கொஞ்சம் சிடுசிடுப்பாக, யாரையும் சந்தோஷப்படுத்த நினைக்காதவர். இந்த இருவரும் சேர்ந்து நடக்கிற காட்சிகளுக்காகவே நான் டிஸ்க்கைத் தேடி எடுக்கிற ராத்திரிகள் உண்டு.

மூன்றாவது விஷயத்தைக் கண்டுபிடித்தது அம்மா. மூன்று வருடம் முன்பு ஒருநாள் பாதியிலிருந்து என்னோடு உட்கார்ந்து பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு அரைகுறையாகத்தான் புரியும், நான் இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தேன். சாபம், நாய், வம்சம் என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, “அந்த வீடு அடுத்து யாருக்குப் போகும்னு பாருடா. பங்காளி ஒருத்தன் பக்கத்துலயே இருப்பான்” என்றார். அவ்வளவுதான், கேஸ் முடிந்தது. டாயிலின் நாவலிலும் அதுதான் விஷயம். வாரிசு வரிசையில் பேர் மறைத்து நிற்கிற ஒரு ரத்த உறவு. படத்தில் ஒரு படி மேலே போய், ஜவ்வு ஒட்டிய விரல்களையும், மாளிகைச் சுவரிலிருந்து காணாமல் போன முன்னோரின் ஓவியத்தையும் வைத்து அந்த உறவைப் பிடிக்கிறார்கள்.

அம்மா சொன்னதற்கு அப்புறம் படம் எனக்கு வேறாகிவிட்டது. அதுவரை ஹோம்ஸ் வந்ததும் பயம் விலகுகிறது என்றே நினைத்திருந்தேன். விலகுவது பேய் மட்டும்தான். பேய் இல்லை என்று நிரூபணமானதும், பக்கத்து வீட்டில் சிரித்துப் பேசுகிற மனிதனும், பசி வைத்து வளர்த்த ஒரு நாயும் மிஞ்சுகிறார்கள். பேய்க்காவது மந்திரித்துக் கட்டலாம். இருபதாவது தடவையும் எனக்கு வயிற்றைப் பிசைவது அங்கேதான்.

இப்போது கொஞ்சம் பார்க்கும் வசதி பற்றி, இதில் நான் நிறையவே பட்டிருக்கிறேன். முதலில் வாங்கிய டிவிடி வெளுத்துப்போன பிரின்டிலிருந்து எடுத்தது. ஆஷரின் ஊதாவெல்லாம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. பிறகு இணையத்தில் பார்த்தபோது இன்னொரு சிக்கல்: டேட்டா வேகம் குறைந்தால் முதலில் அடிபடுவது பனிமூட்டம். மெல்ல நகரும் புகை சதுரம் சதுரமாக உடைந்து, சுவரில் காரை பெயர்ந்த மாதிரி தெரியும். இந்த வகைப் படத்தில் பனிமூட்டம் ஒரு கதாபாத்திரம், அதன் முகம் சிதைந்தால் பாதிப் படம் போய்விடும். கடைசியில் ப்ளூ-ரே வாங்கிய பிறகுதான் நான் படத்தையே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். டிவியில் அசைவை மென்மையாக்கும் வசதி ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பாஸ்கர்வில் மாளிகை மெகா சீரியல் வீடு மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்தைக் கூட்ட வேண்டாம், அதற்குப் பதில் அறை விளக்கை அணையுங்கள். ஒலி மோனோதான். ஜேம்ஸ் பெர்னார்டின் இசை திடீரென்று உரக்க எழும், பேச்சு தாழ்ந்திருக்கும். ஹெட்போன் போட்டால் ஊளை தலைக்குள்ளேயே கேட்கும். இல்லையென்றால் சீலிங் ஃபேனை ஒன்றில் வையுங்கள். எங்கள் வீட்டு ஃபேன் ஐந்தில் ஓடினால் டார்ட்மூரில் ஒரு சத்தமும் கேட்காது.

இதே கதையை 1939இல் ஃபாக்ஸ் நிறுவனம் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. பேசில் ராத்போன் ஹோம்ஸ், நைஜல் புரூஸ் வாட்சன். இந்த ஜோடி 1946 வரை பதினான்கு படங்களில் நடித்தது. ஸ்டுடியோவுக்குள்ளேயே மூர் வெளியைக் கட்டி, புகையால் நிரப்பியிருப்பார்கள். படம் எனக்குப் பிடிக்கும், புரூஸின் தடுமாறும் வாட்சன் மட்டும் பல தடவை பார்த்ததில் அலுத்துவிட்டார். அந்த வரிசையில் என்னிடம் நிலைத்தது 1944இல் யுனிவர்சல் வெளியிட்ட ‘தி ஸ்கார்லெட் க்ளா’. கனடாவின் கியூபெக்கில் ஒரு கற்பனைக் கிராமம். படம் தொடங்கும்போதே பனிக்குள் கோயில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. விடுதியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், எழுந்து போக ஒருவருக்கும் தைரியமில்லை. கடைசியில் பாதிரியார் போய்ப் பார்க்கிறார். மணிக்கயிற்றைப் பிடித்தபடி ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். 74 நிமிடப் படம், ஒரு நிமிடம்கூட வீணில்லை.

நம் பக்கத்திலும் இந்த நாய் வந்துபோயிருக்கிறது. 1962இல் ஹேமந்த் குமார் தயாரித்து, இசையமைத்து, பிரேன் நாக் இயக்கிய இந்திப் படம் ‘பீஸ் சால் பாத்’ இந்த நாவலைத் தழுவியது. நாய்க்குப் பதில் அங்கே இருட்டில் பாடும் ஒரு பெண்குரல். இந்தியக் காதுக்கு ஊளையைவிடப் பாட்டுத்தான் அதிகம் சில்லிடும் என்று சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டியபோது அவர் ‘யார் நீ?’ படத்தில் சுசீலா பாடிய ‘நானே வருவேன்’ பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். அதுவும் இந்தியிலிருந்து வந்த வேறொரு படம்தான். ஆனால் வெள்ளைப் புடவையும் புகையும் அதே ஊரைச் சேர்ந்தவை.

ரத்தமும் அலறலும் எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தப் படங்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு வீட்டுக்குள் போய், கொஞ்ச நேரம் சும்மா நிற்கத் தெரிந்தவர்களுக்குத் தாராளமாகச் செய்வேன்.

போன தீபாவளிக்கு வந்த அக்கா மகளுக்கு, ஒன்பதாவது படிப்பவள், 1959 படத்தைப் போட்டேன். சிலந்திக் காட்சியில் காலைச் சோபா மேல் தூக்கிக்கொண்டாள். நாயைப் பார்த்துப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அந்தப் பங்காளியின் மகள் செசீல் சதுப்பில் அமிழ்ந்து போகிறாள் இல்லையா, அங்கேதான் பேசினாள். “அவளும் அந்த ஹ்யூகோ வம்சம்தானே மாமா? அப்போ முதல்ல ஓடின பொண்ணு மாதிரியே இவளும் ஏன் மூர்லயே சாகணும்?” என்றாள். முதலில் ஓடியவளையும் கடைசியில் அமிழ்ந்தவளையும் நான் இத்தனை வருடத்தில் ஒருமுறையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. டிஸ்க்கை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோய், ஹ்யூகோ துரத்துகிற காட்சியை இரண்டு பேரும் இன்னொரு தடவை பார்த்தோம்.

நேற்று போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருக்கும் ஊர்ப் படத்தை எப்போது போடுவீர்கள் என்று கேட்டாள். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், இருட்டிய பிறகு.