‘7பெர்’ என்றால் ஜூலை இல்லை: ஒரு பழங்கையெழுத்துப் பயிற்சி பற்றி

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வழங்கும் பழங்கையெழுத்துப் பயிற்சி, 1500 முதல் 1800 வரையிலான ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கக் கற்றுத்தருகிறது. இங்கிலாந்தின் தேவாலயப் பங்குகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்துவைத்த பழைய பதிவேடுகளைப் படிப்பதற்காகவே இதில் சில வாரங்கள் செலவிட்டேன்.

காரணம் ஒரு ஜூலை மாதம். இப்பதிவேடுகளின் விவரங்களை அட்டவணையாக்கித் தரும் ஒரு கட்டண இணையதளத்தை நம்பி, 1690களில் நடந்த ஓர் அடக்கத்தை ஜூலையில் தேடிக்கொண்டிருந்தேன். மூலப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ‘7’ என்ற எண்ணும் அதன் தோளில் ‘பெர்’ என்ற சிற்றெழுத்துகளும் தெரிந்தன. லத்தீனில் ‘செப்தெம்’ என்றால் ஏழு. ஆகவே அது செப்டம்பர். புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்த காலத்தில் (1752இல்தான் அது ஜனவரிக்கு மாறியது) மார்ச்சிலிருந்து எண்ணினால் செப்டம்பர் ஏழாவது மாதம் என்பதால், இதில் யாருக்கும் குழப்பம் இருந்திராது.

பயிற்சியில் உண்மையான ஆவணங்களை எளியதிலிருந்து கடினமானது நோக்கி அடுக்கி, வரி வரியாக நாமே படித்துத் தட்டச்சு செய்து சரிபார்க்க வைத்திருக்கிறார்கள். தோளெழுத்துகளுக்கும், ‘ஒய்’ போலத் தோன்றும் ‘தார்ன்’ என்ற பழைய எழுத்துக்கும் கண் பழகிவிடுகிறது. ‘ஜே’, ‘என்’, ‘ஓ’ என்ற மூன்றெழுத்து ஜோனதன் அல்லர், வெறும் ஜான்தான் என்பதும், ‘எக்ஸ்’ எழுத்தில் தொடங்கும் பெயர் கிறிஸ்டோபராக இருக்கலாம் என்பதும், அந்த ‘எக்ஸ்’ உண்மையில் ‘கை’ என்ற கிரேக்க எழுத்து என்பதும் பழகப் பழக இயல்பாகிவிடுகின்றன.

ஆனால் எழுத்தைப் படித்துவிட்ட பிறகும் பொருள் பிடிபடாத சுருக்கங்கள் உண்டு. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்தது, ஏழைகளுக்கு விலக்கு உண்டு என்பதை அறியாதவருக்கு, பெயருக்கு அருகே நிற்கும் ‘பி’ என்ற ஒற்றையெழுத்து ‘பாப்பர்’, அதாவது பரம ஏழை, என்று விளங்காது. 17ஆம் நூற்றாண்டின் இறுதி அடக்கப் பதிவுகளில் வரும் ‘அஃப்’ என்பது ‘அஃபிடவிட்’, அதாவது சடலம் கம்பளித் துணியில்தான் பொதியப்பட்டது என்று அளிக்கப்பட்ட சத்தியக் கூற்று. தவறினால் 5 பவுண்டு அபராதம். இவை கையெழுத்துப் பாடம் அல்ல, சட்ட வரலாறு. இதையும் இந்தப் பயிற்சியிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

லத்தீனில் எழுதப்பட்ட பதிவேடு கையில் இருப்பவர்கள், அதே காப்பகத்தின் இலவச லத்தீன் பாடத்தையும் சேர்த்தே தொடங்கலாம். அங்கே ‘செப்’ என்றிருப்பது செப்டம்பராக இல்லாமல், அடக்கம் செய்யப்பட்டார் என்று பொருள்படும் ‘செபுல்தஸ்’ ஆகவும் இருக்கக்கூடும்.