கண்ணுக்கு எது கைகொடுக்கும்: ஈ.எஸ்.ஐ.யா, கம்பெனி மெடிக்ளெய்மா?

திருப்பூர் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளிலும் சரி, கோவை கணபதிப் பட்டறைகளிலும் சரி, முதலில் களைத்துப்போவது கண்தான். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் சட்டத்துக்குள் வரும் கம்பெனியில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அந்தக் கண்ணுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. சம்பளம் அதைத் தாண்டினால், முதலாளி மனசு வைத்தால், கம்பெனி மொத்தமாக எடுத்துத் தரும் ஆஸ்பத்திரிச் செலவுக் காப்பீடான குரூப் மெடிக்ளெய்ம்.

ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. இருபதாயிரம் வாங்குபவருக்குப் பிடித்தம் 150 ரூபாய். "புடிக்கறது தெரியுதுங்க, அதுல என்னங்க ஆகுது?" என்று கேட்பவர்கள் நிறைய. கிரைண்டிங் பிடிக்கும்போது இரும்புத்தூள் கண்ணில் தெறித்தால் தெரியும். அது வேலைக்காயம், இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. சிகிச்சை போக, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். பார்வை நிரந்தரமாகக் குறைந்தால் அதற்குத் தனியாக மாதாமாதம் பணம். மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரி பில்லோடு நின்றுவிடும். மீதி நஷ்டஈட்டை முதலாளியிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். பட்டறை வேலைக்கு என் ஓட்டு ஈ.எஸ்.ஐ.க்கே.

கண்புரை ஆபரேஷனில் போட்டி கொஞ்சம் நெருக்கம். மெடிக்ளெய்மில் இது டே கேர். 24 மணி நேரம் படுத்திருக்கத் தேவையில்லை. பட்டியலில் உள்ள கண் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய் கேஷ்லெஸ்ஸில், அதாவது கையிலிருந்து பணம் கட்டாமல், முடிக்கலாம். ஆனால் பல பாலிசிகளில் ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும். உயர்ரக லென்ஸ் கேட்டால் மிச்சம் கைக்காசு. அதைவிட முக்கியம், புரை வருவது பெரும்பாலும் அப்பா அம்மாவுக்கு. பல குரூப் பாலிசிகள் மனைவி மக்களோடு நின்றுவிடுகின்றன. ஈ.எஸ்.ஐ.யில் உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் இடமுண்டு, அவர்கள் வருமானத்துக்கு மட்டும் ஒரு வரம்பு. கஷ்டம் அலைச்சலில்தான்: டிஸ்பென்சரியில் சீட்டு, அங்கிருந்து சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல். கூட்டிப் போகிறவர் சம்பளமும் போகும்.

மூக்குக்கண்ணாடிக்கு மெடிக்ளெய்மை நம்ப வேண்டாம். ஓ.பி.டி., அதாவது வெளிநோயாளிச் செலவு, சேர்க்காத பாலிசியில் பவர் செக்கப்பும் வராது, கண்ணாடியும் வராது. 7.5க்குக் குறைவான பவரைச் சரிசெய்யும் லேசிக் என்ற லேசர் ஆபரேஷனும் விலக்குதான். அமெரிக்காவில் பல கம்பெனிகள் பார்வைக்கென்றே தனி பிளான் தருகின்றன. பரிசோதனைக்கும் ஃப்ரேமுக்கும் இவ்வளவு என்று அதில் ஒதுக்கியிருப்பார்கள். ஆன்சைட் போன மச்சான் சொன்னதைக் கேட்டு சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் அதைத் தேடினால் கிடைப்பது அபூர்வம்.

இன்க்ரிமென்ட்டில் 21,000 தாண்டினாலும் ஈ.எஸ்.ஐ. அன்றைக்கே அறுந்துவிடாது, ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற பருவம் முடியும்வரை பிடித்தம் தொடரும். அதற்குள் எச்.ஆரிடம் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: புதுப் பாலிசியில் பெற்றோர் உண்டா, ஒரு கண்ணுக்கு வரம்பு எவ்வளவு, ஓ.பி.டி. இருக்கிறதா. மூன்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும்.